மலை மரம் என்று சொல்லிவிட்டேன்

மில் கேட்டைத் திறந்து வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தூர் ரோட்டிலிருந்து ஒரு டிராக்டர் திரும்பி வந்து, கேட்டுக்குக் குறுக்காக நின்றது. டிரெய்லரில் ஏதோ பெரிதாகச் சாக்குப் போட்டு மூடிக் கயிறு கட்டியிருந்தது. அன்றைக்குச் சரக்கு வருவதாக யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் வருகிற வண்டி என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

இறங்கியவர் செல்லையா. அமராவதிபுதூருக்கு அந்தப் பக்கம் மானாவாரி நிலத்தில் தேக்கு வளர்க்கிற விவசாயி. எட்டு நாளைக்கு முன்னால்தான் அவர் கொண்டுவந்த மரத்தை, பத்துப் பேர் பார்க்க, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கையில் இருந்த வாளியைக் கீழே வைக்காமல் நின்றேன்.

அவர் சண்டை போடவில்லை. கயிற்றை அவிழ்த்தார். சாக்கை இழுத்தார். உள்ளே ஒரு தேக்கு அடிக்கட்டை. வெட்டிய மரத்தின் அடிப்பாகம், வேரோடு. டிரைவர் டிரெய்லரைச் சாய்க்க, அது என் வாசலில் உருண்டு விழுந்தது. வேரில் கவ்வியிருந்த செம்புறாங்கல் சரளை, தெளித்த ஈரத்தில் சிதறி ஒட்டிக்கொண்டது.

“எண்ணுங்க” என்றார் செல்லையா.

நான் ஏன் இப்படி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “அம்மா, உங்கள் வாழ்க்கையில் நல்லவர்களே குறுக்கே வரவில்லையா? எல்லாரையும் சந்தேகப்படுகிறீர்களே?” வந்திருக்கிறார்கள், தாயே. அவர்களையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். அதில் ஒருவர் கதைதான் இந்த வாரம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. நான் காரைக்குடிப் பக்கம் மரம் அறுக்கும் மில்லும் கூடவே ஒரு மரக்கடையும் நடத்துகிறவள். வீட்டுக்காரர் இருந்தவரை அவருக்குப் பின்னால் நின்று நடத்தினேன். அவர் போனபிறகு முன்னால் வந்து நடத்துகிறேன். தச்சு வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. மரத்தைத் தட்டிப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் ஸ்டூலில்கூட உட்கார மாட்டார்கள்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றும்போதே முகர்ந்து பார்ப்பேன். பூக்காரி முழம் போட்டால் என் கையால் இன்னொரு தடவை அளப்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். “ஒன்னைய மில்லுல உக்கார வச்சதுக்குப் பதிலா செக்போஸ்ட்ல உக்கார வச்சிருக்கணும்டி. ஒரு லாரி தாண்டாது” என்பார்.

அவர் கேலிக்குச் சொன்னார். பிற்பாடு அப்படித்தான் ஆயிற்று.

வேங்கைக் கட்டை

ஒரு காலத்தில் நாங்களும் எல்லா மரமும் விற்றோம். எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. வேங்கை நிலை வேண்டுமா, வேங்கை. அயினிப் பலகை வேண்டுமா, அயினி. லாரி வரும், இறக்குவோம், அறுப்போம். கொத்தமங்கலத்திலும் பள்ளத்தூரிலும் எத்தனை வீட்டுக்கு வேங்கையில் நிலை அறுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு தடவை மேற்கே மலைக்கோயிலுக்குப் போயிருந்தோம். மரம் அனுப்புகிற புரோக்கர் அந்த ஊர்க்காரர். “வந்தது வந்தீக, சரக்கு நிக்கிற எடத்தையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க” என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பெருமையாகத்தான் கூட்டிப்போனார்.

சரிவில் ஏறியதும் முதலில் வாசனை வந்தது. புதிதாக அறுத்த மரத்தின் வாசனை எனக்குப் பழக்கம். ஆனால் மில்லுக்குள் அடிக்கிறதும் காட்டுக்குள் அடிக்கிறதும் ஒன்றல்ல. அங்கே ஒரு வேங்கை அடிக்கட்டை, அன்றைக்குத்தான் வெட்டியது. விளிம்பைச் சுற்றிச் சிவப்பாக வடிந்திருந்தது. வேங்கைப் பிசின் சிவப்பு என்பது தச்சு வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். காய்ந்த பலகையில் பார்த்திருக்கிறேன். வடிகிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தெரியாமல் கையை வைத்துவிட்டேன். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அருவித் தண்ணீரில் கழுவினேன், போகவில்லை. ராத்திரி லாட்ஜில் சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. அந்தக் கையாலேயே கோயில் பொங்கலைச் சாப்பிட வேண்டியிருந்தது. எனக்கு இறங்கவே இல்லை.

அந்தச் சரிவில் அது ஒரு கட்டை மட்டும் இல்லை. கண் போகிற வரை கட்டைகள். நடுவில் ஒல்லியான கன்றுகள் ஒன்றிரண்டு. “இதெல்லாம் திரும்ப வர எம்புட்டு வருஷம் ஆகும்?” என்று புரோக்கரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மரக்கடைக்காரி கேட்கிற கேள்வியா இது என்கிற பார்வை.

பஸ்ஸில் வரும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். “இனிமே காட்டு மரம் நம்ம கேட்டுக்குள்ள வரக்கூடாது.” மதுரை தாண்டியதும், “அப்ப எதை அறுக்குறது, எந்தலையவா?” என்றார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

வண்டு விழும்ல?

“இங்கு தோட்டத்து மரம் மட்டுமே” என்று போர்டு எழுதி மாட்டினோம். அதாவது, விவசாயிகள் தங்கள் நிலத்தில் வளர்த்து வெட்டுகிற மரம். வேம்பு, வாகை, மகாகனி, மலைவேம்பு, தேக்கு. நட்டவன் வெட்டுகிறான், வெட்டினவன் திரும்ப நடுகிறான். காடு காடாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த வழியில் ஒரு கணக்கு.

வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். “தோட்டத்து மரமா? தண்ணி குடிச்சு ஊதுன மரத்துல வைரம் ஏது? வண்டு விழும்ல?” வைரம் என்பது மரத்தின் நடுவில் முற்றிய கெட்டி. மலையில் வளர்ந்தால்தான் வைரம் என்று இந்தச் சீமையில் ஒரு முடிவு. பர்மாவிலிருந்து தேக்கு வந்து இறங்கிய ஊர் அல்லவா, இங்கே விளைந்ததை மதிக்க எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

முற்றவிட்டு வெட்டி, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் ஆறப்போட்டால் தோட்டத்து மரமும் நிற்கும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். பாதிப் பேர் போனார்கள், பாதிப் பேர் வந்தார்கள். தட்டுத் தடுமாறி நின்றோம்.

அப்புறம்தான் தலையில் மண் விழுந்தது. வீட்டுக்காரர் போன அடுத்த வருஷம். ஒரு புரோக்கர் தேக்கு கொண்டுவந்தார். பட்டா நகல், கிராம அதிகாரி சான்று, வனத்துறை பர்மிட், எல்லாம் பக்காவாக பிளாஸ்டிக் உறையில். என்னை ‘அக்கா, அக்கா’ என்று வாய் ஓயாமல் கூப்பிட்டார். வாங்கி அறுத்தோம். இரண்டாவது கட்டையிலேயே மெஷின் ஓட்டுகிற முருகேசன் கையைக் காட்டி நிறுத்தினான். உள்ளே கரிந்த தழும்பு. அதன்மேல் மரம் வளர்ந்து மூடியிருக்கிறது. அதற்கு வெளியே இன்னொரு தழும்பு. காட்டுத்தீயைப் பார்த்த மரம். தோட்டத்தில் எவனாவது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தேக்கைக் கொளுத்துவானா?

போன் போட்டேன். ‘அக்கா’ என்று கூப்பிட்ட அந்த நம்பர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

என் போர்டுக்குக் கீழே, என் கையால், மலை மரத்தை இறக்கியிருக்கிறேன். அன்றைக்கு மில்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். எழுந்து வந்ததும் ஒரு வழக்கம் ஆரம்பித்தேன்.

வில்லை

யார் தேக்கு கொண்டுவந்தாலும் அடிப்பக்கத்திலிருந்து விரல் கனத்துக்கு ஒரு வில்லை அறுப்போம். தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. சாக்கட்டியில் நம்பர் போட்டு, அதை ஒரு பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். மரம் நின்றதாகச் சொல்கிற நிலத்துக்கே, அந்தக் கொல்லைக்கே போவேன். அடிக்கட்டையைக் காட்டச் சொல்வேன். அதன்மேல் வில்லையை வைத்துத் திருப்புவேன். வளையத்தோடு வளையம், வெடிப்போடு வெடிப்பு உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மரம் அங்கே நின்றது. பேப்பர் பொய் சொல்லலாம், அடிக்கட்டை சொல்லாது.

டவுன் பஸ் கண்டக்டர்களுக்கெல்லாம் நான் பழக்கம். “என்னக்கா, இன்னைக்கு யாரு வீட்டு விருந்து? தட்டோட கெளம்பிட்டீக?” என்பார்கள். “ஒனக்கும் ஒரு எலை போடுறேன் வாடா” என்பேன்.

இந்த வழக்கத்தைத்தான், செய்யவேண்டிய அன்றைக்கு, நான் செய்யவில்லை.

செல்லையாவின் பன்னிரண்டு கட்டை

செல்லையா முதலில் போனில்தான் பேசினார். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வருஷம், அப்பா விட்டுப்போன சரளை நிலத்தில் தேக்கு வைத்தாராம். ஊரே சிரித்ததாம். சுற்றிலும் சீமைக்கருவேலம்தான் மண்டியிருக்கிறது. திருப்பூரில் இருக்கிற தம்பிக்கு அதில் பாதிப் பங்கு. தம்பி, பிளாட் போடுகிறவர்களிடம் விற்றுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

“ஒரே ஒரு வண்டி மரம் நல்லபடியா வித்துக் காட்டுறேன், அப்பறமா பேசுடான்னு தம்பிகிட்டச் சொல்லியிருக்கேம்மா. ஊர்லயும் நாலஞ்சு பேரு பாத்துக்கிட்டு இருக்காக. எனக்கு வெலை போச்சுன்னா அவுகளும் கன்னு வைப்பாக. அதான் ஒங்க மில்லுக்குக் கொண்டாரேன். நீங்க வாங்குனா மறுபேச்சு இருக்காதுல்ல.”

ஆக, அந்த வண்டியில் என்ன ஏறி வருகிறது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு கட்டை மட்டுமல்ல. தெரிந்துதான் செய்தேன்.

சித்திரை வெயில். கேட்டுக்குள் நாலைந்து ஆசாரிகள், லாரி டிரைவர்கள், பைபாஸ் ரோட்டு மரக்கடையில் வேலை பார்க்கிற ஆள் ஒருவர், எல்லாரும் நிழலுக்கு ஒதுங்கி நின்றார்கள். வண்டி வந்ததும் முருகேசன் வழக்கப்படி முதல் கட்டையில் வில்லை அறுத்துப் போட்டான். நான் சொம்பில் தண்ணீர் எடுத்து அடுத்த கட்டையின் முகத்தில் ஊற்றித் துடைத்தேன்.

வளையம் நெருக்கம் நெருக்கமாக இருந்தது. வெளிவெள்ளை கொஞ்சம்தான், மீதி எல்லாம் தேன் நிறத்தில் வைரம். நான் அதுவரை பார்த்த தோட்டத்துத் தேக்கெல்லாம் வாய்க்கால் ஓரம் வளர்ந்தது, சொட்டுநீர் குடித்தது. வளையம் ஒவ்வொன்றும் விரல் அகலம் இருக்கும். இது அப்படி இல்லை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“அண்ணே, இது எந்த ஊரு மரம்?”

“நம்ம கொல்லை மரம்தாம்மா. போன்லயே சொன்னேன்ல.”

“தண்ணி எங்கிட்டிருந்து பாயுது?”

“தண்ணியா? வானம் பாத்த பூமிம்மா அது. பேஞ்சாத்தான் உண்டு.”

“தண்ணியே பாயாத எடத்துல இம்புட்டு வைரமா? யாருகிட்ட கதை விடுறீக?”

அவர் முகம் சுண்டிவிட்டது. “அடிக்கட்டை பூராவும் அங்கனதான் இருக்கு. துளுத்துக்கூட வந்திருச்சு. வந்து ஒரு தடவை பாருங்கம்மா. வண்டியிலயே கூட்டிட்டுப் போயி கொண்டாந்து விட்டுர்றேன்.”

போயிருக்கலாம். அரை மணி நேரப் பயணம். முழங்கால் வலித்தது, வெயில் கொளுத்தியது என்று ஆயிரம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. சுற்றி நின்ற பத்துப் பேருக்கு முன்னால் என் கண்ணுக்கு என்ன தெரியும் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. ஒரு தடவை ஏமாந்தவள் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும் அல்லவா?

“போயிப் பாக்கணும்னு அவசியமே இல்லண்ணே. இது மலை மரம்” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

“பேப்பரையாவது பாருங்கம்மா.”

“பேப்பர் நெறையப் பாத்துட்டேன். வண்டியத் திருப்புங்க.”

அவிழ்த்த கயிற்றைச் செல்லையாவே திரும்பக் கட்டினார். யாரும் கை கொடுக்கவில்லை. நான் சொன்னபிறகு யார் கொடுப்பார்?

வண்டி போனதும், “மலையில ஒரு மரத்தைக் காப்பாத்தியாச்சு” என்றேன் முருகேசனிடம். அவன் “ம்” என்றான். அந்த ‘ம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

எண்ணினோம்

இப்போது வாசலில் கிடக்கிற கட்டைக்கு வருகிறேன்.

முருகேசன் உள்ளே போய் மரத்தூளைக் கிளறி, அன்றைக்கு அறுத்துப்போட்ட வில்லையை எடுத்துவந்தான். அதை அவன் தூக்கிப் போடவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். “வில்லை அறுத்த அதே மரத்தோட அடிதான் இது” என்றார் செல்லையா. முருகேசன் கட்டையின் மேல் மண்ணைத் துடைத்து வில்லையை வைத்தான். ஒரு சுற்றுத் திருப்பினான். பொருந்தவில்லை. எனக்கு வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி வந்தது. தலைகீழாகப் புரட்டிப் போட்டு மறுபடி திருப்பினான். ஓர் இடத்தில் நின்றது. நடுவிலிருந்து ஓடிய வெடிப்பு வில்லையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. ஓரத்தில் ஒரு சின்னக் கணு, அதுவும் நேருக்கு நேர் உட்கார்ந்தது.

நான் குண்டூசி எடுத்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். பத்துக்கு ஒரு சாக்கட்டிக் கோடு போட்டான் முருகேசன். இருபத்தேழு.

“சிங்கப்பூர்லேருந்து வந்து எத்தனை வருஷமாச்சுண்ணே?”

“நீங்க எண்ணுனதுதான்.”

நெருக்கத்தைப் பார்த்தேன், எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. மலையில் திருட்டுத்தனமாக வெட்டுகிறவன் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தைத் தேடிப் போவான். இருபத்தேழு வருஷத்து இளமரத்துக்காக எவன் செக்போஸ்ட் தாண்டுவான்? மலை மரம் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் இந்தக் கேள்வி எனக்கு உடனே தோன்றியிருக்கும். சொன்னது நானாகப் போனதால் தோன்றவில்லை.

செல்லையா குனிந்து ஒரு வளையத்தின் மேல் விரலை வைத்தார். அது மட்டும் அகலமாக இருந்தது. “இது ஊருணி நெறஞ்ச வருஷம். அதுக்கப்பறம் பாருங்க, மூணு வருஷம் மழையே இல்ல. மூணும் ஒன்னா ஒட்டிக் கெடக்கு. சரளையில அரைவயித்துக் கஞ்சி குடிச்சு வளந்த மரம்மா இது. மலையில வளந்த மாதிரி இறுகிப்போச்சு. அதுக்குத் திருட்டுப் பட்டமா?”

“தப்பு எம்மேலதாண்ணே” என்றேன்.

“இதை இங்க சொல்லி என்ன? அன்னைக்கு வெளிய போன பேச்சு எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் சொல்லணும்.”

அப்புறம்தான் மற்றதெல்லாம் சொன்னார். நான் சொன்ன வார்த்தை அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போயிருக்கிறது. மூன்று மில்லில் வண்டியை உள்ளேயே விடவில்லை. யாரோ போன் போட்டு, வனத்துறை ஜீப் அவர் கொல்லைக்கு வந்திருக்கிறது. வந்தவர்கள் நல்லவர்கள். அடிக்கட்டைகளைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து, குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் ஜீப் நின்றதை ஊர் பார்த்தது, எழுதிக் கொடுத்ததை ஊர் பார்க்கவில்லை. கன்று வைக்கலாம் என்றிருந்த நாலைந்து பேரும், நமக்கு எதுக்கு வம்பு என்று ஒதுங்கிவிட்டார்கள். தம்பி திருப்பூரிலிருந்து வந்தான். பங்கைப் பிரித்தாயிற்று. அவன் பாதியைப் பிளாட்காரர்களிடம் பேசி முடித்தாயிற்று.

“மரத்தைக் கொண்டாங்கண்ணே. இப்பவே எறக்கிக்கிறேன்.”

“முந்தாநாளே பைபாஸ் கடையில போட்டாச்சு. கேட்ட வெலைக்கு.” டிராக்டரில் ஏறப்போனவர் திரும்பினார். “இந்தக் கட்டையில துளுர் முழங்கை ஒசரம் வந்திருந்துச்சு. விட்டிருந்தா இன்னொரு மரமாயிருக்கும். ஒங்களுக்குக் காட்டுறதுக்காகத் தோண்டுனேன்.”

பாவி, பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆச்சி வீட்டுக் கதவு

டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். மூன்று மில்லுக்கும் போய்ச் சொன்னேன். “சரிம்மா, சரிம்மா” என்றார்கள். பழி சொன்ன அன்றைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்கள், இல்லை என்று சொன்ன அன்றைக்கு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சில மாதம் போயிருக்கும். கொத்தமங்கலத்து ஆச்சி ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். பரம்பரை வீட்டின் பின்கட்டைச் சரிசெய்து கொண்டிருந்தார். கதவுக்காக என் மில்லுக்கு ஆறேழு தடவை வந்து, பலகையைத் தடவித் தடவிப் பார்த்து, “தோட்டத்து மரம் நமக்கு வேணாம் விசாலம், வண்டு விழும்” என்று போய்விட்டவர். வேறு இடத்தில் வாங்கி மாட்டிவிட்டார். அதை நான் பார்க்க வேண்டுமாம்.

கதவு அழகாகத்தான் இருந்தது. எண்ணெய் பூசி, வெயில் பட்டுத் தகதகவென்று நின்றது. கிட்டே போனேன். இழைத்த பலகையில் ஓர் அகலக் கோடு. அதை ஒட்டி, பிரிக்க முடியாமல், மூன்று கோடு. செல்லையா விரல் வைத்துக் காட்டிய அதே வருஷங்கள்.

“எங்க வாங்குனீக ஆச்சி?”

“பைபாஸ் கடையில. சுத்தமான மலைத் தேக்கு. இப்ப யாருக்குக் கெடைக்குது? எனக்குக்கூடச் சந்தேகந்தான். கடைக்காரர் சொன்னாரு, ‘மில்லுக்கார விசாலம்மாவே பத்துப் பேரு முன்னாடி இது மலை மரம்னு சொல்லிருச்சு ஆச்சி, வேணும்னா விசாரிச்சுக்கங்க’ன்னு. விசாரிச்சேன். அங்க நின்ன ஆசாரி ஆமான்னாரு. அப்பறம் என்ன?”

ஏமாற்றியவர்மேல் வழக்கும் போட முடியாது. பர்மிட் சரி, பட்டா சரி. சரளையில் விளைந்த சொந்த ஊர் மரத்துக்கு மலை என்று பேர் வைத்து விற்றிருக்கிறார். பேர் வைத்தது நான்.

“ஆச்சி, இது மலை மரம் இல்ல. நம்ம அமராவதிபுதூர்ப் பக்கத்து மரம். நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். வில்லை வச்சுப் பாத்தேன், எண்ணிப் பாத்தேன். இருவத்தேழு வருஷம். ஒரு மனுசன் நட்டு வளத்தது.”

ஆச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் விசாலம், ஒன்கிட்ட மரம் எடுக்கலைன்னு வருத்தமா?”

“ஐயோ, அதில்ல ஆச்சி.”

“அன்னைக்கு மலை மரங்கிறே. நான் வேற கடையில வாங்கி மாட்டுனதும் தோட்டத்து மரங்கிறே. எதை நம்புறது? காப்பி சாப்பிடு, ஆறிப்போகுது.”

காப்பி சாப்பிட்டேன். இத்தனை வருஷமாக எல்லாரையும் நான் பார்த்த பார்வையை அன்றைக்கு ஆச்சி என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்து, நல்ல கதவு வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அதில் நாலு பேர் எங்காவது ஒரு புரோக்கரிடம் மலைத் தேக்கு கேட்பார்கள். அந்தப் புரோக்கர் சரிவில் ஏறுவான்.

வேலிக்கு வெளியே

சொன்ன இடத்திலெல்லாம் காது கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது இந்தப் பத்திரிகைதான். இதுவரை நீங்கள் படித்ததை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பும் முன்னால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு செல்லையாவின் கொல்லைக்குப் போனேன். எட்டு மாதம் முன்னால் போயிருக்க வேண்டிய இடம்.

இடதுபக்கம் வெட்டவெளி. தம்பியின் பாதி. ஜேசிபி விட்டு வாரி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஊன்றியிருந்தார்கள். வேர்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. வலதுபக்கம் தேக்கு. இலை உதிர்ந்து மொட்டையாக, வரிசை வரிசையாக நின்றது. நடுவில் புதிதாகப் போட்ட கம்பிவேலி.

செல்லையா உள்ளே நின்றார். படலைத் திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை. வெளியிலேயே நின்று முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவர் ஒரு மரத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் “மலை மரம்” என்று கத்திய இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆச்சி வீட்டுக் கதவு வந்தபோது, “மலைத் தேக்காமா?” என்று ஒரு தடவை சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

வாசித்து முடித்தேன்.

“எம் பேரைப் போட்டிருக்கீக.”

“வேணாம்னா எடுத்துர்றேண்ணே.”

“இருக்கட்டும். ஊரு பேரும் இருக்கட்டும்.” என் கையிலிருந்த தாள்களைக் காட்டினார். “ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. இதைப் படிச்சா நாலு பேரு இங்குட்டு மரம் கேட்டு வருவாக. மொத ஆளா நீங்க வந்து நிக்கிறீக. இந்த மிச்ச மரத்துக்காகத்தானே இம்புட்டும் எழுதுனீக?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வேலியோரமாக நடந்து வரும்போதே, எந்த மரம் நிலைக்கு ஆகும், எது இன்னும் மூன்று வருஷம் நிற்க வேண்டும் என்று என் கண் பாட்டுக்கு அளந்துகொண்டு வந்தது. வாய் மூடிக்கொண்டது.



“நான் கேட்டதையும் சேத்துப் போடுங்க” என்றார். “மரம் ஒங்களுக்கு இல்ல.”

சேர்த்துவிட்டேன்.